அடுத்த தெருப் பிள்ளையின் கதை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். நிகாஹ் பதிவுகள், ஜனாஸா உதவி, ஜகாத் பங்கீடு, கல்வி உதவித்தொகை, ஆழ்துளைக் கிணற்றுச் செலவு என ஒவ்வொன்றும் கணக்கோடு சொல்லப்பட்டது. மக்தபில் ஓதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சொல்லப்பட்டது. யாவும் மனநிறைவு தருகின்றன. எனினும் அந்த அறிக்கையில் இதுவரை இடம்பெறாத ஒரு பணியைப் பற்றி இன்று உங்கள் முன் பேச விரும்புகின்றேன். பிள்ளைகளைக் கூட்டி வைத்து, மண்ணைப் பிசையச் செய்து, வண்ணம் தீட்டச் செய்து, அவர்கள் வாயாலேயே கதை சொல்லச் செய்யும் பணி அது. இமாமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். இறுதிவரை பொறுமையுடன் கேளுங்கள்.

1998-ஆம் ஆண்டு நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த மாணவன். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த குண்டுவெடிப்புகளும் இங்குள்ள பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. குண்டுவெடிப்பில் மட்டும் 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கலவரத்தில் நம் சமுதாயம் இழந்த உயிர்களும் உடைமைகளும் தனி. அவ்வாண்டு விடுமுறையில் நான் ஊர் திரும்பினேன். சிறு வயதில் என்னோடு பம்பரம் விட்ட ஒரு தோழன் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தான். அவன் என்னை ஏசவில்லை, முறைக்கவும் இல்லை. மாறி நடந்தான், அவ்வளவுதான். நானும் அவனை அழைக்கவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் என்னை விட்டு நீங்கவில்லை. பம்பரம் விட்ட காலத்தில் அவன் வீட்டுத் திண்ணை வரை நான் போயிருக்கின்றேன். ஆனால் அவன் எதற்கு அஞ்சுவான், இரவில் அவன் பாட்டி அவனுக்கு என்ன கதை சொல்வார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவனுக்கும் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத அந்த வெற்றிடத்தில்தான் வதந்தி வந்து குடியேறியது.

பெருமக்களே! இதே நோயை நம்மைவிடப் பன்மடங்கு கடுமையாக அனுபவித்த ஓர் ஊர் உண்டு. அதுவும் தமிழ் பேசும் ஊர்தான். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மட்டக்களப்பு.

மட்டக்களப்புப் பகுதியில் கடற்கரையை ஒட்டித் தமிழர் ஊர் ஒன்று, முஸ்லிம் ஊர் ஒன்று என மாறி மாறி அமைந்திருக்கும். இரு சாராரின் தாய்மொழியும் தமிழ். தாய்வழியாக எண்ணப்படும் குடி முறை இருவரிடமும் உண்டு. வயலிலும் சந்தையிலும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்தார்கள். இந்த உறவை அவ்வூர் மக்கள் பிட்டுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் ஒப்பிடுவார்கள். குழாயில் ஒரு அடுக்கு மாவு, ஒரு அடுக்குத் தேங்காய்ப்பூ என்று இட்டு அவிப்பது பிட்டு. இரண்டும் தனித்தனியே தெரியும். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது சுவைக்காது.

அந்த உறவு 1990-இல் சிதைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மட்டக்களப்பை அடுத்த சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் பச்சிளம் குழந்தைகளோடு அழிக்கப்பட்டன. பள்ளிவாசலில் தந்தையை இழந்த பிள்ளைக்கும், சத்துருக்கொண்டானில் தாயை இழந்த பிள்ளைக்கும் துயரம் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளையின் துயரம் மற்றதற்குத் தெரியாது. அடுத்த ஊர்ப் பிள்ளையைப் பகைவன் என்று மட்டுமே இருவரும் அறிந்திருந்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில் 1996-ஆம் ஆண்டு மட்டக்களப்பில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. அதற்கு ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ என்று பெயரிட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் கனடா நாட்டு ஓவியக் கலைஞர் போல் ஹோகன். மற்றவர் மட்டக்களப்பில் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகம். உளவள ஆலோசனையில் தேர்ந்தவர்.

ஹோகன் அங்கு வருவதற்கு முன்னரே 1980களில் கனடாவின் டொராண்டோ நகரில், உடல் ஊனமுற்ற சிறுவர்களுக்கான மருத்துவமனை ஒன்றில், ‘சுருள் தோட்டம்’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஒரு தோட்டத்தை அமைத்தவர். அங்கே ஊனமுற்ற பிள்ளைகளும், ஊனமில்லாத பிள்ளைகளும் ஒன்றாகச் செடி நட்டார்கள்; மண் உருவங்கள் செய்தார்கள்; கதை கட்டினார்கள். 1990களின் நடுப்பகுதியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டக்களப்புச் சிறுவர்களிடையே போரின் பாதிப்பை ஆராய்ந்தார்கள். ஆராய்ந்து அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவது எளிது. அதோடு நிற்காமல், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது பிறந்ததுதான் இந்தப் பூங்கா.

பூங்காவில் நடந்தது என்ன? தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பள்ளிச் சிறுவர் சிறுமியர் பேருந்தில் அழைத்து வரப்பட்டார்கள். போரில் பெற்றோரை இழந்தவர்கள், பேச்சற்றுப் போனவர்கள், எதற்கெடுத்தாலும் சினம் கொள்பவர்கள் அவர்களில் இருந்தார்கள். வாரம் ஒரு நாள் என ஏறத்தாழ 9 மாதங்கள் அதே பிள்ளைகள் வந்தார்கள். அங்கே களிமண் இருந்தது, வண்ணங்கள் இருந்தன, தோட்டமும் வளர்ப்பு விலங்குகளும் இருந்தன, இசைக் கருவிகளும் முகமூடிகளும் இருந்தன. எதைத் தொடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். உடனிருந்து உதவிய இளைஞர்களும் உள்ளூர்க்காரர்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே பணியாற்றினார்கள்.

இதில் நான் பாடமாகக் கொள்வது ஒன்றுண்டு. “உன் தந்தைக்கு என்ன நேர்ந்தது, சொல்” என்று அங்கே பிள்ளையைக் குடைந்து கேட்பதில்லை. மண்ணைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மண்ணைத் தொட்ட பிள்ளை ஒரு பறவையைச் செய்யும். ஒரு படகைச் செய்யும். அந்தப் பறவை எங்கே போகின்றது என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்கும். அங்கே கதை தொடங்கிவிடும். தன் துயரத்தைத் தன் துயரம் என்று சொல்ல முடியாத பிள்ளை, கூடிழந்த பறவையின் துயரமாக அதைச் சொல்லிவிடும். இப்படிப் பல கைகள் சேர்ந்து கட்டிய கதை மாதக்கணக்கில் வளரும். முடிவில் அது நாடகமாக அரங்கேறும். இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நடிப்பதை இரு சமூகத்துப் பெற்றோரும் வந்து அருகருகே அமர்ந்து பார்ப்பார்கள்.

கலைஞர் என்றால் மேடையில் நின்று தம் திறமையைக் காட்டுபவர் என்றே நாம் எண்ணுகின்றோம். இங்கே கலைஞரின் திறமை வேறு வகை. அவர் பின்னால் நிற்கின்றார். எந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்கின்றது, எந்தப் பிள்ளை மற்றதன் மண்ணைப் பிடுங்குகின்றது, எந்தக் கதை பாதியில் நின்றுவிட்டது என்று கவனிக்கின்றார். வேண்டிய இடத்தில் ஒரு சொல் சொல்கின்றார். ‘தவறு’ என்ற சொல்லை மட்டும் சொல்வதில்லை. ஓதிக் கொடுக்கும் உஸ்தாதாகிய எனக்கு இது பெரிய பாடம். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். கேட்டுக் கொள்வது மிகக் குறைவு.

நம் மக்தபில் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன். ஒரு சிறுவன் பல வாரங்களாக வாய் திறவாமல் இருந்தான். ஓதச் சொன்னால் தலை குனிவான். திட்டினால் அழுவான். ஒருநாள் பாடம் முடிந்த பின், “எனக்கு ஒரு கதை சொல்லு, நீ சொல்லி நான் கேட்டதே இல்லையே” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், ஒரு நாய்க்குட்டியின் கதையைச் சொன்னான். அதன் தாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டதாம். குட்டி தினமும் அந்தச் சாலையோரம் போய் உட்காருமாம். அவன் அத்தா வெளிநாடு சென்று மூன்று ஆண்டுகள் ஆகியும் ஊர் திரும்பவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அடுத்த வாரமே அவன் ஓதத் தொடங்கிவிட்டான் என்று நான் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

கதை நமக்குப் புதிதன்று

கதை சொல்வது நம் சமுதாயத்திற்கு அந்நியமானதா? இல்லை. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தைப் புரட்டிப் பாருங்கள். கிஸ்ஸா என்ற பெயரால் எத்தனையோ கதை நூல்கள் உண்டு. வினா விடையாக அமைந்த மசலா நூல்கள் உண்டு. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் பாட, ஒருவர் பொருள் சொல்ல, ஊர் கூடிக் கேட்ட வழக்கம் நம்மிடம் இருந்தது. அரபுத் தமிழில் எழுதப்பட்ட ஏடுகளைப் பெண்கள் வீட்டில் கூடியிருந்து வாசித்தார்கள். அருள்மறையிலும் யூசுப் நபியின் வரலாறு ஒரு முழு அத்தியாயமாக, கதை வடிவிலேயே அருளப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் கொங்கு மண்ணும் கதை மண்தான். உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் அண்ணன்மார் கதை இந்த வட்டாரத்தின் சொத்து. புதுச்சேரியில் வேலு சரவணன் என்ற நாடகக் கலைஞர் ‘ஆழி’ என்ற குழுவை அமைத்து, கோமாளி வேடம் தாங்கி, பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்து அவர்களையும் நாடகத்திற்குள் இழுத்துக் கொள்கின்றார். வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே இதற்கான வித்து இருக்கின்றது. ஆனால் இன்று நம் வீட்டு நன்னிமார் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பேரப்பிள்ளை கையில் கைப்பேசி இருக்கின்றது. கைப்பேசி பிள்ளைக்கு ஆயிரம் கதை சொல்லும். ஆனால் பிள்ளையின் கதையை அது ஒருபோதும் கேட்காது. மேலும், அடுத்த தெருக்காரனைப் பற்றி வெறுப்பைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதே கைப்பேசிதான்.

ஒரு பூங்கா போதுமா?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பூங்கா போரை நிறுத்திவிடவில்லை. இலங்கையில் போர் 2009 மே மாதம் வரை நீடித்தது. அது மட்டுமன்று. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று அதே மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். அன்று இலங்கையில் நடந்த தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். 1990-இல் பள்ளிவாசலுக்குள் இரத்தம் சிந்திய அதே காத்தான்குடி! அநீதிக்கு உள்ளான ஊரிலிருந்தே அநீதி இழைப்பவன் தோன்ற முடியும் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது. அந்த ஊர் மக்கள் அவன் செயலைக் கண்டு வெட்கினார்கள், வேதனைப்பட்டார்கள். எனினும் பழி முழு ஊரின் மீதும் விழுந்தது.

அப்படியானால் பூங்காவினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பூங்காவில் சில நூறு பிள்ளைகள் வரலாம். பூங்காவிற்கு வராத பிள்ளைகள் எத்தனை ஆயிரம்? வளர்ந்து வந்த அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் காதில் யார் யார் என்னென்ன கதை ஓதினார்கள்? இது ஒருமுறை செய்து முடித்துவிடும் பணியன்று. கிணறு தூர்வாருவது போன்றது. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் செய்ய வேண்டும். நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறொருவன் வந்து வேறொரு கதையைச் சொல்வான்.

நம் கோவையை நினைத்துப் பாருங்கள். 2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தது. மீண்டும் 1998 திரும்பிவிடுமோ என்று நாம் அனைவரும் அஞ்சினோம். அப்போது கோவை ஜமாஅத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்றார்கள். அங்குள்ளவர்களைச் சந்தித்து நல்லிணக்கத்தை உறுதி செய்தார்கள். மிகவும் போற்றத்தக்க செயல். ஆனால் பெரியவர்கள் ஆபத்து வந்த பின் சந்திக்கின்றார்கள். பிள்ளைகள் ஆபத்து வருமுன் சந்திக்க வேண்டாமா?

என் கோரிக்கை

நம் காரமடையில் மாசித் தேர்த் திருவிழாவின்போது அதே கடைவீதியில் நம் பிள்ளைகளும் பலூன் வாங்குகின்றார்கள். பெருநாள் அன்று நம் வீட்டு பிரியாணி அடுத்த வீடுகளுக்கும் போகின்றது. இவையெல்லாம் நல்லவை, தொடர வேண்டியவை. ஆனால் உணவு கொடுத்தனுப்புவது வாசலோடு முடிந்துவிடுகின்றது. பிள்ளைகளோ இப்போது வெவ்வேறு பள்ளி வாகனங்களில் ஏறி வெவ்வேறு திசைகளில் போகின்றார்கள். ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். வருகின்ற கோடை விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், காலை வேளையில் நம் மதரஸா கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். நம் முஹல்லாப் பிள்ளைகளோடு சுற்றியுள்ள தெருக்களின் எல்லாப் பிள்ளைகளும் வரட்டும். அங்கே சமயப் பாடம் வேண்டாம்; பரிசும் போட்டியும் வேண்டாம். கூடி உட்கார்ந்து மண்ணில் செய்யட்டும், வண்ணம் தீட்டட்டும், கதை கட்டட்டும். பிள்ளைகளோடு பழகத் தெரிந்த கலைஞர் ஒருவரை வரவழைப்போம். நம் இளைஞர்கள் இருவரும் யுவதிகள் இருவரும் அவரிடம் இந்த முறையைக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு அவர்களே நடத்தட்டும்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, செலவு. பெரிய செலவு எதுவும் இல்லை. மண் குயவரிடம் கிடைக்கும். பாக்குமட்டைத் தட்டு நம் வட்டாரத்தில் தாராளம். சிறுமுகைத் தறிகளில் எஞ்சும் நூல் துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். கலைஞருக்குரிய ஊதியத்தை மட்டும் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். கலைஞர்தானே என்று சால்வை போர்த்தி வெறுங்கையோடு அனுப்புவது முறையன்று.

இரண்டாவது, உருவம் வரையலாமா என்ற கேள்வி. இதில் ஆலிம்களிடையே உள்ள கருத்துகளை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பேணுதலை நாம் விட வேண்டியதில்லை. இலையும் கொடியும் கோலமும் வீடும் மலையும் ஆறும் எழுத்தணியும் போதாவா? நம் பள்ளிவாசல்களின் சுவர்களை அழகுபடுத்திய கைவினைஞர்கள் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டே உலகம் வியக்கும் வேலைகளைச் செய்தார்கள். கதை சொல்ல உருவமே தேவையில்லை. நாவும் செவியும் போதும்.

மூன்றாவது, ‘அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்’ என்பது. இருக்கலாம். முதல் ஞாயிறு ஒரு பிள்ளைகூட வராமல் போகலாம். அதற்காகக் கதவைச் சாத்திவிட வேண்டாம். நாம் அவர்கள் வீடு தேடிச் சென்று, பிள்ளையின் தாயிடம் நேரில் பேசி அழைப்போம். அவர்கள் நடத்தும் இடத்திற்கு நம் பிள்ளைகளை அனுப்பவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நம் கூடத்திற்கு அவர்கள் வர வேண்டும், அவர்கள் இடத்திற்கு நாம் போக மாட்டோம் என்றால் அது சமாதானமாகாது.

நான்காவது, படிப்பு கெட்டுவிடும் என்பது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது கதை கேட்பதால் கெட்டுப் போகும் படிப்பு, எப்படியும் கெட்டுப் போகக்கூடியதுதான். (சிரிப்பு)

பெருமக்களே! 1998-இல் தெருவின் மறுபக்கம் மாறி நடந்த அந்தத் தோழனைச் சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் கண்டேன். இருவருக்கும் தாடி நரைத்துவிட்டது. பேசினோம். “அன்று நீ என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன்” என்றான் அவன். அவனே கூப்பிடுவான் என்று நான் நினைத்திருந்தேன். 25 ஆண்டுகளுக்கு மேல் இருவரும் ஒருவர் அழைப்பை ஒருவர் எதிர்பார்த்தே இருந்திருக்கின்றோம். நம் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பை விட்டுச் செல்ல வேண்டாம். அவர்கள் ஒருவர் கதையை மற்றவர் அறிந்து வளரட்டும். நாளை எவனாவது வந்து, “அந்தத் தெருக்காரர்கள் இப்படிப்பட்டவர்கள்” என்று சொன்னால், “இல்லை, எனக்கு அவனைத் தெரியும், நாங்கள் சேர்ந்து மண்ணில் ஒரு படகு செய்தோம்” என்று சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கட்டும்.

அடுத்த ஆண்டறிக்கையில் ஆழ்துளைக் கிணற்றுக் கணக்கிற்குக் கீழே இதற்கும் ஒரு வரி இடம்பெற வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கான மனத்தையும் வாய்ப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.